வராதவரும் வரவிடாதவரும்

‘ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வராமல் போவதால்தான் நிறுவனங்களும் வாக்கு மாறுகின்றன’ என்கிறார் நண்பர். பள்ளங்கி மலைக்கிராமத்தில் பூண்டு பிடுங்க ஒப்புக்கொண்ட ஆள் வராவிட்டால், தோட்டக்காரர் வேறு ஆள் பார்ப்பார். வரச்சொன்ன தோட்டக்காரர் கைவிரித்தால்? வேறு தோட்டத்தையும் விட்டுவிட்டு வந்தவருக்கு அன்றைய கூலியே போச்சு. இரண்டும் ஒன்றா?

2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லி எடுத்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. இன்ஃபோசிஸ் 2022-இல் தேர்ந்தெடுத்த பலரை 2024-இல்தான் சேர்த்தது. சில மாதங்களில், உள்தேர்வில் தேறவில்லை என்று மைசூர் பயிற்சி வளாகத்திலிருந்து 300-க்கும் மேற்பட்டோரை அனுப்பிவைத்தது. மூன்று வாய்ப்பு கொடுத்தார்களாம். காத்திருந்த இரண்டு வருடத்துக்கு?

சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவது தப்புதான். ஆனால் இருக்கும் வேலையை விட 90 நாள் நோட்டீஸ் என்று கட்டிப்போட்டால், அதற்குள் வேறு அழைப்பு வரத்தான் செய்யும். சேரும் தேதியைத் தள்ளும் நிறுவனம் அதுவரை பாதிச் சம்பளமாவது தரட்டும். அப்புறம் பிள்ளைகளைத் திட்டலாம்.