மாணவரின் உழைப்பும் முதலாளியின் பிரம்பும்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை பகுதிநேர வேலை செய்து சமாளித்துக்கொள்வான் என்று நம்பிக் காணியை ஈடுவைக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அந்த வேலைக்கு நேர வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டியவன் வாய்திறக்க முடியாதவனாகிவிடுகிறான்.

அவுஸ்திரேலியாவின் செவன்-இலெவன் கடைகளைப் பற்றி 2015இல் வெளியான செய்திகளை வாசகர் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். மாணவர் விசாவில், படிப்புக் காலத்தில், இரு வாரத்துக்கு 40 மணித்தியாலமே அன்று அனுமதி. கடை நடத்தியோர் பலர் அதனினும் இருமடங்கு வேலை வாங்கி, ஏட்டில் பாதியையே பதிந்தனர். கூலியும் பாதி. முறையிட்டால், விசா விதியை மீறியவன் நீதானே என்ற மிரட்டல்! அரசு எழுதிய விதி முதலாளியின் கையில் பிரம்பாயிற்று. (பின்னர் 15 கோடி டொலருக்கு மேல் அந்த நிறுவனம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.)

2023 ஜூலையில் அங்கே வரம்பு 48 ஆனது. கனடாவில் 2024 நவம்பர் முதல் வாரத்துக்கு 24. நேரத்தைக் கூட்டினால் போதுமா? முறையிடுவோருக்குப் பாதுகாப்பு வேண்டாமா? விசாவைக் காட்டி ஊழியரை நிர்ப்பந்திப்பதை 2024 ஜூலையில் அவுஸ்திரேலியா குற்றமாக்கியது. மாணவரை அழைக்கும் ஏனைய நாடுகளிடமும் நாம் இதையே கேட்கவேண்டும். பிள்ளைகளோ, வேலைசெய்த நேரத்தை நாள்தோறும் தாமே குறித்துவைக்கட்டும். கடைக்காரரின் ஏட்டை நம்பவேண்டாம்.