செவி கொடுப்பதும் காவலே

நள்ளிரவில் வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறுகிறது. அல்லது அடுப்பங்கரையில் தீப்பற்றிக்கொள்கிறது. நடுங்கும் விரலால் எண்ணை அழுத்துகிறோம். மறுமுனையில் ஒரு குரல், "சொல்லுங்கம்மா, எந்த இடம்?" என்று கேட்கிறது. அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

எண்ணிப் பார்க்காதது மட்டுமன்று, இழிவாகவும் பேசுகிறோம். "போன் எடுக்கிற வேலைதானே, அதற்கென்ன திறமை?" என்று கேட்போர் கடலூரிலும் உண்டு, சிதம்பரத்திலும் உண்டு, நம் வீட்டுக் கூடங்களிலேயும் உண்டு. படித்த பெண்ணொருத்தி அப்பணிக்குச் செல்ல விரும்பினால், "இராவேலை, அந்நியரோடு பேச்சு, நமக்கெதற்கு?" என்று வாயை அடைத்துவிடுகிறோம். இந்த எண்ணம் தவறானது என்பதோடு நில்லாமல், உயிருக்கே கேடு விளைவிப்பது என்றும் சொல்லத் துணிகிறோம்.

வரலாறு இதற்குச் சான்று கூறும். 1935 நவம்பரில் இலண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்தது. அண்டை வீட்டார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. ஐந்து பெண்கள் மாண்டனர். அந்தத் துயரத்தின் பின்னரே 1937 ஜூன் 30 அன்று 999 என்னும் எண் பிறந்தது. அந்த எண்ணைச் சுழற்றினால் நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பான் அலறும். பேசுவதற்குத் தொலைபேசி அன்றும் இருந்தது. இல்லாதிருந்தது, எந்த அழைப்பை முதலில் கேட்பது என்று அறிந்த செவி ஒன்றே.

நம் நாட்டிலும் எண்களுக்குக் குறைவில்லை. காவலுக்கு 100, தீயணைப்புக்கு 101 என்பன பழையவை. 108 ஆம்புலன்ஸ் பணி தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. எல்லா உதவிக்கும் ஒரே எண் என்னும் 112, 2019 பிப்ரவரியில் வந்தது. ஆனால் நம் மாவட்டத்திலிருந்து 100-க்கோ 108-க்கோ அழைத்தால், அதை ஏற்பது சென்னையிலுள்ள மையக் கட்டுப்பாட்டு அறை. அங்கிருந்தே செய்தி இங்கு திரும்பி வரவேண்டும்.

இங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது. பதற்றத்தில் இருப்பவர் முழு முகவரி சொல்வதில்லை. "ஓ.டி. பக்கம்" என்பார். அது கடலூர் முதுநகர் என்பது நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். தொலைவில் இருப்பவருக்குத் தெரியுமா? சிதம்பரத்தார் "கீழ வீதி" என்பார். கீழ வீதி இல்லாத கோயில் நகரம் எது? "புதுப்பேட்டை" என்று ஒருவர் கதறினால், பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள புதுப்பேட்டையா, பரங்கிப்பேட்டைக் கடற்கரையிலுள்ள புதுப்பேட்டையா? இரண்டும் ஒரே மாவட்டம். வண்டி தவறான ஊருக்குச் சென்றால், இழந்த நேரத்தை மீட்டுத் தருவார் யார்?

"கருவி இடத்தைக் காட்டிவிடாதா?" என்பர். கோபுரத்தைக் கொண்டு இடம் அறிந்தால் சுற்று வட்டாரம் தெரியும், வீடு தெரியாது. செயற்கைக்கோள் வழியாகப் புள்ளியே தெரிந்தாலும், அங்கே நடப்பது என்னவென்று கருவி கேட்காது. கேட்பவர் மனிதர். அழுகையின் நடுவே ஊரைப் பிரித்தெடுப்பவர் அவர். பேச முடியாமல் பெண்ணொருத்தி மௌனமாக இருந்தால், அம்மௌனத்தின் பொருளை உணர்பவர் அவர். நெஞ்சு நின்றவரின் மகனிடம், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தச் சொல்லி, வண்டி வரும்வரை உடன் எண்ணிக்கொண்டிருப்பவரும் அவரே. பின்னர் இணைப்பு அறுந்துவிடும். அந்தத் தந்தை பிழைத்தாரா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. அதற்குள் அடுத்த மணி ஒலிக்கும். இதுவா வெறும் போன் எடுக்கும் வேலை?

இந்தப் பேதைமை நமக்கு மட்டும் உரியதன்று. 1968 முதல் 911 எண்ணைக் கொண்டிருக்கும் அமெரிக்காவிலும், 2018-இல் வெளியான அரசின் தொழில் வகைப்பாடு இவர்களை அலுவலக உதவியாளர் வரிசையிலேயே வைத்தது. காவலர், தீயணைப்போர் வரிசையில் சேர்க்கக் கோரி அங்கே இயக்கமே நடந்திருக்கிறது. உயிர் காப்பவரை எழுத்தர் என்று எண்ணினால் எழுத்தருக்குரிய ஊதியமும் பயிற்சியும்தான் கிடைக்கும்.

மற்றொரு சாக்கும் உண்டு. "நமக்கு ஜமாஅத் இருக்கிறது, தலைவருக்குச் சொன்னால் போதும்" என்பர். ஜமாஅத்தின் அருமையை நாம் மறுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் மதம் பாராமல் மீனவ மக்களுக்குச் சோறு சமைத்தளித்ததை நாடறியும். அது பெருமை. ஆனால் தலைவரிடம் தீயணைப்பு வண்டி இல்லை. உயிர்க்காற்று உருளை இல்லை. அவரும் அதே எண்ணைத்தான் அழைக்கவேண்டும். இடையில் கழியும் நிமிடங்களுக்கு நாமே பொறுப்பு.

எனவே அரசை நோக்கிச் சொல்கிறோம்: அழைப்பு எங்கே சென்றாலும், கடலூர் மாவட்டத்தை அறிந்த செவி ஒன்று எந்நேரமும் அதைக் கேட்க வேண்டும். ஊர்களின் வழக்குப் பெயர்கள் அனைத்தும் அதன் கையில் இருக்கவேண்டும். இரவு பகலாக அமர்ந்திருப்போருக்குக் காவல் பணியாளருக்குரிய மதிப்பும் ஊதியமும் ஓய்வும் வேண்டும்.

நம்மை நோக்கியும் சொல்கிறோம். ஒவ்வொரு மஹல்லாவும் தன் தெருக்களின் பெயர்களையும் அடையாளங்களையும் எழுதிக் கட்டுப்பாட்டு அறைக்கு அளிக்கட்டும். நம் பிள்ளைகள் மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று முகவரி சொல்லப் பழகட்டும். விளையாட்டுக்காக அந்த எண்ணை அழுத்தும் சிறுவனைச் சிரித்து விட்டுவிடாதீர்கள். அவன் அடைத்து வைத்திருப்பது சாகக் கிடக்கும் ஒருவரின் வழி. அந்த நாற்காலியில் அமர விரும்பும் மகளைத் தடுக்காதீர்கள். பிறர் உயிரைத் தன் செவியில் ஏந்துவது அமானிதம். அதைவிடக் கண்ணியமான பணி எதுவென்று, தடுப்பவர்தான் விடை கூறவேண்டும்.

நாளை இரவு அழைக்கப்போவது நம் வீடாகவும் இருக்கலாம். அப்போது மறுமுனையில் நம் ஊரை அறிந்த ஒரு குரல் இருக்கவேண்டும் என்று விரும்புகிறோமா? விரும்பினால், அக்குரலை இன்றே மதிக்கக் கற்போம்.