ட்ரோனை அடிக்க ட்ரோன் போதும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயர்களுக்கு 1690 முதல் 1698 வரை ஆச்சு. ட்ரோனுக்கு மலையும் மதிலும் தடையே இல்லை. 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்திலேயே ட்ரோன் வந்து குண்டு போட்டது.

அதை அடிக்க ஏவுகணை விட்டால் கட்டுப்படியாகுமா? ரஷ்யா அனுப்பும் ஷாஹெத் ட்ரோன் பல்லாயிரம் டாலர்; ஒரு பேட்ரியாட் ஏவுகணையோ 30 லட்சம் டாலருக்கு மேல். அதனால்தான் உக்ரைன் சில ஆயிரம் டாலரில் குட்டி ட்ரோன் செஞ்சு, நடுவானில் மோதவிட்டுத் தகர்க்குது.

மோட்டார், பேட்டரி, கேமரா, கோடிங். எல்லாம் நம்ம லேபில் இருக்கிறதுதான். ஆனா மோட்டாரும் பேட்டரி செல்லும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருது. போர் வந்தா அந்தக் கப்பல் வருமா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ரெடிமேட் கிட் வாங்குறதை விட்டு, ஒரு மோட்டாரையாவது நாமே வைண்டிங் பண்ணுவோமே!