எரிந்த ஆலயமும் எஞ்சிய ஓவியமும்

பழைய கட்டடங்களின் படங்களை நம்மில் பலர் அழகுக்காக மட்டுமே பார்க்கிறோம். பார்த்து முடித்ததும் ஏட்டை மூடிவிடுகிறோம். ஆனால், அவை ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்று ஆவணங்கள் என்பதே என் கருத்து. அமெரிக்க யூதர்களின் ஜெப ஆலயப் படங்களைக் கொண்டே இதனை விளக்கலாம்.

ரோட் ஐலண்டு மாநிலத்து நியூபோர்ட்டில் 1763-இல் திறக்கப்பட்ட டூரோ ஜெப ஆலயமே, அந்நாட்டில் இன்று நிற்பவற்றுள் மிகப் பழமையானது. பீட்டர் ஹாரிசன் வடிவமைத்த அதன் வெளித்தோற்றம், அடக்கமான ஒரு பெரிய வீட்டைப் போன்றது. அடுத்து, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 1868-இல் எழுந்த இமானு-எல் ஆலயத்தின் படத்தைப் பாருங்கள். மூரியக் கலைப்பாணியில் இரட்டைக் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன! ஒதுங்கி நின்ற சிறுபான்மையினர் ஒரு நூற்றாண்டில் தலைநிமிர்ந்த கதையை இவ்விரு படங்களும் சொல்லவில்லையா? அந்த இமானு-எல் கட்டடம் 1927-இல் இடிக்கப்பட்டது. இன்று அதனைப் படத்தில்தான் காண முடியும்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1794-இல் கட்டி முடிக்கப்பட்ட பெத் எலோகிம் ஆலயம், 1838-இல் நகரையே சூறையாடிய பெருந்தீயில் அழிந்தது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-இல்! ஆயினும், அந்நகரில் பிறந்த சாலமன் நூனஸ் கர்வாலோ என்னும் இளைஞர், எரிந்த ஆலயத்தின் உட்புறத்தை அவ்வாண்டே நினைவிலிருந்து ஓவியமாகத் தீட்டினார். பிற்காலத்தில் அவரே புகைப்படக் கலைஞராகவும் விளங்கினார்.

"ஓவியம் இருந்தும் பழையபடி கட்டவில்லையே, பின் அதனால் என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். புதிய ஆலயம் கிரேக்கக் கோயில் வடிவில் எழுந்தது. அதில் ஆர்கன் இசைக்கருவி வைப்பதா, கூடாதா என்ற பூசலில் சபையே பிளவுபட்டது. பழமையைப் போலச் செய்யும்படி ஓவியம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. எதை விட்டு வந்தோம் என்பதைப் பின்வருவோர்க்குக் காட்டுகிறது. அவ்வளவே அதன் பணி.

படம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நியூயார்க்கின் எல்ட்ரிட்ஜ் தெருவில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் 1887-இல் ஓர் ஆலயம் எழுப்பினர். அதன் கீழ்த்திசைச் சுவரிலிருந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் சிதைந்து போக, 1944-இல் அவ்விடத்தைக் கண்ணாடிக் கட்டிகளால் அடைத்தனர். 2007-இல் ஆலயத்தின் சீரமைப்பு நிறைவேறியபோது, அச்சாளரத்தின் முதல் வடிவத்தைக் காட்டும் படம் ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே, கிகி ஸ்மித் என்ற ஓவியரும் டெபோரா கான்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் வடிவமைத்த புதிய சாளரம் 2010-இல் பொருத்தப்பட்டது. நீல வானில் விண்மீன்கள் சுடரும் அழகிய படைப்பு அது. ஆனால், பழையதா புதியதா எனத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே அவர்களுக்கு இருக்கவில்லை.

தெரிந்து விடுவது வேறு. தெரியாமல் இழப்பது வேறு. நாள்தோறும் பார்ப்பதைப் படமெடுத்து வைப்பானேன் என்ற எண்ணமே, தீயையும் புயலையும்விட அதிகமாக அழிக்கிறது. நிற்கும்போதே ஒரு படம் எடுத்து, பெயரும் ஆண்டும் எழுதி வைப்போம். விழுந்தபின் வருந்திப் பயனில்லை, நண்பர்களே!