அறிவு செல்லும் வழியை அளத்தல்

ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதனாற் பிறக்குந் தரவுகள் அவ்விடத்தே தங்கிவிடுவன அல்ல. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலுள்ள கணினி நிலையங்களுக்கு அவை பகிர்ந்தனுப்பப்படுகின்றன. இந்தியாவில் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள நிலையங்களும் அவற்றுட் சேர்ந்தவை. இத்தகைய போக்குவரத்தின் பொருட்டே ஐரோப்பாவில் ஜீயண்ட், அமெரிக்காவில் ஈஎஸ்நெட், இன்டர்நெட்2 முதலிய ஆராய்ச்சி வலைகள் அமைந்துள்ளன. இவ்வழிகளை அமைத்தற்குப் பெரும்பொருள் செலவிடுவோர், அவற்றிற் செல்வது எவ்வளவு, தடையின்றிச் செல்கின்றதா என்று இடையறாது அளந்தறிதலையும் தங்கடமையாகக் கொள்ளல் வேண்டும் என்பது நம் கருத்து.

வழி திறந்திருக்கும்போது அளவை எதற்கு என வினவுவாரும் உளர். அன்னார்க்கு ஈஎஸ்நெட் வலையில் நேர்ந்ததொன்றை எடுத்துக் காட்டுவோம். அவ்வலையிலிருந்த ரூட்டர் ஒன்றின் உறுப்புப் பழுதுற்று, 22,000 பொதிகளுக்கு 1 பொதியை இழந்துவந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 0.0045 பங்கேயாகிய இவ்விழப்பை ரூட்டரின் உட்காவல் அறிவிக்கவேயில்லை. சோதனைப் பொதிகளைத் தானே அனுப்பி இழப்பைக் கணிக்கும் பர்ஃப்சோனார் என்னுந் தொகுதியே அதனை வெளிப்படுத்திற்று. 2013இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையொன்று இதனை விரித்துரைக்கின்றது.

இத்துணைச் சிறிய குறை பெருந்தீங்கு விளைப்பது எங்ஙனம்? தரவைச் செலுத்தும் டிசிபி முறை, பொதியொன்று தொலையின் வழியில் நெரிசல் உண்டெனக் கருதித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது. பின்னர், சேர்ந்ததென்னும் மறுமொழி வருந்தோறும் சிறிது சிறிதாக வேகத்தை ஏற்றுகின்றது. மறுமொழி அண்டை நகரத்திலிருந்து விரைவில் வரும். கடல் கடந்து வரவோ காலம் நீளும். ஆகவே அருகிலிருப்பார் உணராத குறை, தொலைவிலிருப்பாரை முடக்கிவிடுகின்றது. பன்னாட்டு வழிகளை முனைமுதல் முனைவரை அளத்தல் வேண்டுமென்பதற்கு இதனினுஞ் சிறந்த காரணம் வேண்டா.

வழியிற் செல்லும் உண்மையான போக்குவரத்தைக் கணக்கிடுதல் மற்றொரு முறை. எம்முகவரியினின்று எம்முகவரிக்கு, எந்நேரத்தில், எத்தனை பைட்டுகள் சென்றன என்பதை ரூட்டர்களே குறித்துத் தருகின்றன. இக்குறிப்புகளைத் தொகுத்தாராயும் நெட்சேஜ் என்னும் முயற்சியை அமெரிக்காவின் இந்தியானா சர்வகலாசாலையாரும் அவர்தம் துணைவரும் 2015இல், அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிதியத்தின் உதவியோடு தொடங்கினர்.

ஈண்டு நியாயமானதோர் அச்சம் எழுகின்றது. கடிதத்தைப் பிரியாதவனும், உறையின்மேல் எழுதியதைக் கொண்டு யார் யாரோடு உறவாடுகின்றனர் என்பதை அறிந்துவிடலாமன்றோ? ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரையும் பின்தொடருங் கண்ணாக அளவை மாறின், அறிவின் சுதந்தரம் குன்றும். நெட்சேஜ் அமைத்தோர் இதனை உணர்ந்து, முகவரியின் இறுதிப் பகுதியை நீக்கிய பின்னரே குறிப்புகளைச் சேமித்தனர். முழுமுகவரி இருப்பின் பழுதைக் காண்டல் எளிதென்பது மெய்யே. ஆயினும் நிறுவனம் இன்னதென்று தெரிந்தாற் போதும். எஞ்சியதை அந்நிறுவனத்தாரையே கேட்டறியலாம். மறைத்தற்குரியதை மறைத்தலை அளவையின் நிபந்தனையாகவே கொள்ளல் வேண்டும்; அளப்போர் மனமுவந்து செய்யுஞ் சலுகையாக விட்டுவிடலாகாது.

இதனாற் பெரும்பயன் எய்துவோர் எளிய நிலையங்களைச் சார்ந்தோரே. பெரிய நிலையங்கட்குத் தேர்ந்த பொறியாளர் உளர். தொலைவிலுள்ள சிறு கல்லூரி ஆசிரியரோ, தரவு மெல்ல வருவதைக் கண்டு தங்கணினியையே குறைகூறி, அம்முயற்சியைக் கைவிட்டு விடுகின்றார். வழியின் பழுதால் ஓர் ஆராய்ச்சி தொடங்குமுன்னரே நின்றுவிடுகின்றது. அதனை அறிவாரும் இலர். அளவைகள் யாவரும் காண வெளியிடப்பெறின், அவர் முறையீட்டுக்குச் சான்று கிடைக்கும்.

ஆதலின், வலைகளை நடத்துவோர் அளந்தவற்றை வெளியிடுவாராக. மாணவ நண்பர்களும், தரவு மெல்ல வரின் அதனை விதியென்று வாளாவிராது, காலத்தையும் அளவையுங் குறித்து உரியவர்க்குத் தெரிவிப்பாராக.