யார் இந்த மகோமெதோவ்?

‘மகோமெதோவ்’ என்ற ரஷ்யப் பெயரை எங்காவது கண்டால் சற்று நின்று வாசியுங்கள். அதற்குள் இருப்பது நம் வீடுகளில் தினமும் ஒலிக்கும் முஹம்மத் என்ற பெயரேதான். தாகெஸ்தான் மலைநாட்டில் அது ‘மகோமெத்’ என வழங்கும். ‘ஓவ்’ என்பது இன்னாருக்குரியவர் என்று காட்டும் ரஷ்ய விகுதி. முன்பு அங்கே பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இன்னாரின் மகன் என்றால் போதும். ரஷ்யப் பதிவேடுகள் குடும்பப் பெயர் கேட்டபோது, வாப்பாவின் அல்லது பாட்டனாரின் பெயரோடு ‘ஓவ்’ ஒட்டிக்கொண்டது. சோவியத் காலத்தில் அதுவே நிலைத்தது.

முஹம்மத் இல்லாத குடும்பம் ஏது? அதனால்தான் தாகெஸ்தானில் எங்கு திரும்பினாலும் மகோமெதோவ்கள்! 1994 முதல் 2006 வரை அக்குடியரசின் அரச சபைத் தலைவர் மகோமெதலி மகோமெதோவ். 2010இல் ஜனாதிபதியானவர் அவருடைய மகன் மகோமெத்சலாம் மகோமெதோவ். ஆனால், இப்பெயருள்ளோர் எல்லோரும் சொந்தக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அவார், தார்கின், லக் என இனமும் வேறு, மொழியும் வேறு.

பெண்ணுக்கு ‘மகோமெதோவா’. வாப்பாவின் பெயரும் நடுவில் வரும். நம் பாத்திமா அங்கே பத்திமத். மகோமெதின் மகளென்றால், பத்திமத் மகோமெதோவ்னா மகோமெதோவா! அவர் ஆசிரியையானால், பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதில்லை. மரியாதையோடு ‘பத்திமத் மகோமெதோவ்னா’ என்றே அழைப்பார்கள்.