புள்ளிக்கு முகம் இல்லை

1991 பிப்ரவரி இறுதியில், குவைத்திலிருந்து பின்வாங்கிய இராக்கியப் படையின் வண்டிகள் இரவோடு இரவாக நெடுஞ்சாலை 80இல் வடக்கே முண்டியடித்தன. தொலைவில் பறந்த அமெரிக்காவின் ஜே-ஸ்டார்ஸ் ரேடார் விமானத்தின் திரையில் அவை புள்ளிகளாக நகர்ந்தன. அப்போது அந்தக் கருவி சோதனைக் கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. இருந்ததே இரண்டு விமானங்கள்.

அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. ரேடார் ஓரிடத்தில் நின்றால் சிக்கலில்லை: மலை நிற்கும், லாரி நகரும், நகரும் பொருளின் எதிரொலியில் அலைவெண் மாறும் டாப்ளர் விளைவு இரண்டையும் பிரித்துவிடும். ரேடாரே பறந்தால்தான் வம்பு. விமானம் நொடிக்கு 200 மீட்டர் போகிறது, ஆன்டெனா ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் பாயும் கற்றையின் முன்விளிம்பில் உள்ள நிலம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவதாகவும், பின்விளிம்பு அதே வேகத்தில் விலகுவதாகவும் தெரியும். மேடுபள்ளத்தில் ஊர்ந்து வரும் லாரி அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

1950களிலேயே இதற்கு வழி கண்டார்கள். விமான உடலின் நீளவாக்கில் இரண்டு ஆன்டெனாக்கள். முன்னது ஒரு துடிப்பை அனுப்பி எதிரொலியை வாங்கும்; விமானம் நகர்ந்து, பின்னது அதே இடத்துக்கு வந்ததும் மறுபடி ஒரு துடிப்பு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நிலம் அழியும், நகர்ந்தது மட்டும் மிஞ்சும். மூன்றாவது ஆன்டெனாவும் சேர்ந்தால், மிஞ்சியது எந்தத் திசையில் என்றும் சொல்லலாம். கேட்க எளிது. ஆனால் ஆன்டெனாக்களுக்குள் துளி வேறுபாடு இருந்தாலும் நிலம் முழுதாக அழியாது. அந்த வேறுபாட்டையும் எதிரொலிகளிலிருந்தே கற்றுத் திருத்திக்கொள்ளும் கணிதத்தை 1973இல் ரேடார் ஆய்வாளர்கள் பிரென்னனும் ரீடும் எழுதினார்கள். என் கணிப்பில் உண்மையான திருப்பம் அதுதான். போர்க்களப் புகழ் பிறகு வந்தது.

அழிந்தது நிலம் மட்டுமல்ல. நின்றுவிட்ட வண்டியும், கற்றைக்குக் குறுக்காகப் போகும் வண்டியும் திரையில் இல்லை. இருப்பவையும் வெறும் புள்ளிகள். நெடுஞ்சாலை 80இல் குண்டுவீச்சில் எரிந்த வண்டிகளில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் யார் என்ற தகராறு இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்க அந்தத் திரையால் முடியாது.

ஜே-ஸ்டார்ஸ் 2023இல் ஓய்வுபெற்றது. இந்த வேலையைச் செயற்கைக்கோள்களிடம் ஒப்படைக்க அமெரிக்கா முனைகிறது. அவை நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவை. நிலத்தைக் கழிக்கும் கணக்கு இன்னும் பல மடங்கு கடினமாகும். அதற்குப் பணம் கிடைக்கும், ஆட்களும் கிடைப்பார்கள். புள்ளிக்குள் இருப்பவர் யார் என்று விசாரிக்கும் வேலைக்கும் அதே அளவு ஒதுக்குவார்களா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.